மேற்படி விசையின் சரித்திரம்

நகல் எடுப்பது என்று நாம் பொதுவாகச் சொல்லும் காரியத்தில் ஒன்றுக்கொன்று நேர் விரோதமான இரண்டு தொழில்கள் அடங்கியிருக்கின்றன. பழுதுபட்ட பனையோலைச் சுவடியைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதியவன், மூலத்திலிருந்து ஓர் எழுத்தும் வழுவலாகாது என்பதையே விரதமாகக் கொண்டிருந்தான். அவன் கையில் புகுந்த வேற்றுமை ஒவ்வொன்றும் பாடபேதமாகிப் பிற்காலத்துப் பதிப்பாசிரியர்களை வருத்தியது. கணக்கு எழுதுகிறவனுடைய நகல் அப்படிப்பட்டதன்று. சென்ற பசலியின் அடங்கலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடப்புப் பசலிக்குப் புதிய அடங்கல் எழுதிய கிராமக் கர்ணம், சர்வே எண்ணையும் விஸ்தீரணத்தையும் பட்டாதாரர் பெயரையும் உள்ளது உள்ளபடி பெயர்த்துக்கொண்டு வந்து, பயிர் என்ற கலத்தை எட்டியவுடன் எழுதுகோலை நிறுத்தி, அந்த நிலத்தில் இவ்வாண்டு நிற்பது நெல்லா கேழ்வரகா என்று பார்க்கக் கடமைப்பட்டவன். ஊர் முழுவதற்கும் அவன் எழுதிய புதிய அடங்கல் பழையதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்குமானால், அவன் வயல்பக்கம் போகவேயில்லை என்று தாசில்தார் சந்தேகிப்பது நியாயமே.

இன்று ஒரு ஸ்தாபனத்தின் இணையச் செயலியில் பழைய கொள்முதல் உத்தரவு ஒன்றைத் திறந்து, நகலெடுக்கும் பொத்தானை அழுத்தி, படிவத்தில் தேதியையும் அளவையும் மாத்திரம் மாற்றிப் புதிய உத்தரவாகச் சேமிக்கிற குமாஸ்தா செய்வது, கர்ணம் செய்த இந்த இரண்டாம் வகை நகலே. நேற்று முளைத்த அற்ப சௌகரியம் என்று பலர் இதை எண்ணுகிறார்கள். செயலியை எழுதுகிற நிரலாளர்களும் அரை நாள் வேலை என்று நினைத்தே இதில் கை வைக்கிறார்கள். ஆனால் இந்தப் பொத்தானுக்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வம்சாவளி ஒன்று உண்டு. எதை நகலெடுக்கலாம் என்பதைக் காட்டிலும் எதை நகலெடுக்கலாகாது என்ற கேள்வியே அந்தச் சரித்திரத்தை ஆதியிலிருந்து நடத்தி வந்திருக்கிறது என்பது என் துணிபு.

கணக்குப் புத்தகத்தில் ஒரே விவரம் அடுத்தடுத்த வரிகளில் வருமானால் அதைத் திரும்பத் திரும்ப எழுதுவது வீண் சிரமம். நம் பழைய கணக்குகளிலும் பத்திரங்களிலும் மேற்படி என்பதற்கு ‘௸’ என்று ஒரு குறி இருந்தது. ஐரோப்பியக் கணக்கர்கள் இரண்டு சிறு கோடுகளை இட்டு அதே பயனை அடைந்தார்கள். இக்குறி பொருள்படுவதற்கு வேண்டிய நிபந்தனை ஒன்றுதான்: மேல்வரி தன் இடத்தில் இருக்க வேண்டும். தைத்துக் கட்டிய புத்தகத்தில் வரிகள் இடம்பெயர்வதில்லையாதலால், நூற்றாண்டுக்கணக்காக அந்த நிபந்தனையைப் பற்றி ஒருவரும் கவலைப்பட நேரவில்லை. புத்தகம் பிரிந்து, வரி ஒவ்வொன்றும் தனித்தனி அட்டையாக உதிர்ந்த நாளில்தான் மேற்படிக் குறிக்கு அழிவு வந்தது. அந்த நாளை 1890-ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்த ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் காண்கிறோம்.

அதற்கு முந்திய 1880-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் விவரங்களைக் கையால் கூட்டி முடிப்பதற்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. அந்த வேலையில் ஈடுபட்டிருந்த ஹெர்மன் ஹாலரித் என்ற இளம் பொறியாளர், ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற மேலதிகாரி தந்த யோசனையைப் பற்றிக்கொண்டு, மனிதன் ஒருவனைப் பற்றிய விவரங்களை அட்டையில் துளைகளாக இட்டு மின்சாரத்தால் எண்ணும் இயந்திரத்தை உருவாக்கினார். ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகர், சீட்டின் ஓரத்தில் பிரயாணியின் தலைமயிரின் நிறம், கண்ணின் நிறம், மூக்கின் அமைப்பு முதலிய அடையாளங்களைத் துளையிட்டுக் குறித்ததைக் கண்டதும் தம் யுக்திக்கு ஒரு தூண்டுதலாக இருந்தது என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 1890-இல் அவர் அமைத்த அட்டையில் 24 நெடுவரிசைகளும் அவை ஒவ்வொன்றிலும் 12 இடங்களும் இருந்தன. 6 கோடியே 20 லட்சத்துக்கு மேற்பட்ட மக்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை வீதம் துளைக்கப்பட்டது.

இங்கேதான் நம் விஷயம் பிறக்கிறது. கணக்கெடுத்தவர் கொண்டுவந்த பெரிய தாளில், அது எந்த வட்டாரத்தைச் சேர்ந்தது என்பது தலைப்பில் ஒரே ஒரு முறை எழுதப்பட்டிருந்தது. அதன் கீழ் வந்த பெயர்கள் எல்லாம் அந்தத் தலைப்புக்குக் கட்டுப்பட்டவை. தாளை விட்டு வெளியேறி அட்டையாகிவிட்ட மனிதனுக்கோ மேலே தலைப்பும் இல்லை, முன்வரியும் இல்லை. அவனுடைய அட்டை நாளைக்குத் தொழில்வாரியாகப் பிரிக்கப்பட்டு ஒரு பெட்டிக்குள் போகும். மறுநாள் பிறந்த நாட்டின்படி பிரிக்கப்பட்டு வேறொரு பெட்டிக்குப் போகும். எங்கே போய்ச் சேர்ந்தாலும் தான் எந்த வட்டாரத்தான் என்பதை அது தானே சொல்லிக்கொள்ள வேண்டும். ஆகவே ஒரு வட்டாரத்தின் எண்ணை அவ்வட்டாரத்து அட்டைகள் அனைத்திலும் துளைக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றாகத் துளைத்துக் கொண்டிருந்தால் காலம் போதாது என்பதால், வட்டார எண்ணை ஒரு முறை பொருத்தி வைத்து, சில அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே அழுத்தில் அனைத்தையும் துளைக்கிற கூட்டுத் துளைப்பான் ஒன்றை ஹாலரித் செய்தார். ‘கேங் பஞ்ச்’ என்று பெயர் பெற்ற அக்கருவியைப் பதிவுகளை நகலெடுக்கும் இயந்திரங்களின் மூதாதை என்று சொல்லலாம். பொதுவான விவரத்தை அது ஒரே வீச்சில் முடித்துக் கொடுத்தது. வயது, தொழில், பிறந்த இடம் என்று ஆளுக்கு ஆள் வேறுபடுகிற விவரங்களைக் குமாஸ்தா வேறொரு கருவியால் அட்டை அட்டையாகத் துளைத்தார். எது பொது, எது தனி என்ற பாகுபாடு அன்றைக்கே கருவிகளில் பிரிந்து நின்றது.

ஹாலரித்தின் கம்பெனி 1911-இல் வேறு கம்பெனிகளோடு இணைந்ததும், அந்தக் கூட்டு ஸ்தாபனம் 1924-இல் ஐ.பி.எம். என்று பெயர் மாற்றிக்கொண்டதும், 1928-இல் 80 நெடுவரிசைகளும் செவ்வகத் துளைகளும் கொண்ட அட்டை வெளிவந்ததும் பலர் அறிந்தவை. அவற்றை விரிக்காமல், அட்டையிலிருந்து அட்டைக்கு விவரத்தைக் கடத்துவதற்கென்றே எழுந்த இயந்திரத்தைப் பார்ப்போம். 514 என்ற எண்ணுள்ள பிரதித் துளைப்பான், நிமிஷத்துக்கு 100 அட்டை வீதம் ஒரு கட்டைப் படித்து இன்னொரு கட்டில் அவ்வாறே துளைத்துக் கொடுக்கும். இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு கண்டால் நின்றுவிடும். இது சுவடி பெயர்த்தவனின் வகை. அதே இயந்திரம் இரண்டாம் வகையையும் செய்தது என்பதே விசேஷம். ஒரு பிரிவுத் தொழிலாளர்களின் கூலி விகிதத்தைத் தாங்கிய தலைமை அட்டையை முன்னே வைத்து, அப்பிரிவினரின் அட்டைகளைப் பின்னே அடுக்கிச் செலுத்தினால், தலைமை அட்டையில் உள்ள விகிதம் முதல் அட்டைக்கும், அங்கிருந்து அடுத்ததற்கும் என்று கையிலிருந்து கைக்கு மாறுவதுபோலப் போய்க்கொண்டே இருக்கும். அடுத்த பிரிவின் தலைமை அட்டை வந்தவுடன் இயந்திரம் பழைய விகிதத்தைக் கைவிட்டுப் புதியதை ஏற்க வேண்டுமல்லவா? அதற்காகத் தலைமை அட்டையில் ஒரு குறிப்பிட்ட நெடுவரிசையில் அடையாளத் துளை ஒன்று இடப்பட்டது. அந்தத் துளை கண்ணில் பட்டால், ‘இது நகல் அன்று, புதிய மூலம்’ என்று இயந்திரம் உணரும்.

இந்த ஏற்பாட்டின் அழகும் அபாயமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இரண்டாம் பிரிவின் தலைமை அட்டை தவறிப் போயிருக்குமானால், அப்பிரிவினர் எல்லோருக்கும் முதற்பிரிவின் விகிதம் சற்றும் தயக்கமின்றிச் சென்று படியும். நகலின் தரத்தில் ஒரு குறையும் இராது; ஒவ்வொரு துளையும் சுத்தமாக இருக்கும்; கூலி மாத்திரம் தவறாக இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கும் உறுப்பும் இதைக் கண்டுபிடிக்காது, ஏனெனில் முன்னட்டையும் பின்னட்டையும் ஒன்றாகவே இருக்கின்றன. அட்டைகளைச் செலுத்துவதற்கு முன் தலைமை அட்டைகள் யாவும் முறையாகச் சேர்ந்துள்ளனவா என்று பார்க்கும் பழக்கத்தை இயந்திர அறையில் பொறுப்புள்ளவர்கள் ஏன் அவ்வளவு கண்டிப்பாகப் பேணினார்கள் என்பது இதனால் விளங்கும்.

அடுத்த கட்டம் தட்டச்சுப் பலகையோடு கூடிய துளைப்பான். 1949-இல் வெளிவந்த 024, 026 என்ற இரண்டு மாதிரிகளும், 1964-இல் அவற்றின் வாரிசாக வந்த 029-உம் உலகின் எண்ணற்ற காரியாலயங்களில் பல ஆண்டுகள் ஓடின. அவற்றின் அமைப்பை அறியாமல் ‘டூப்’ விசையின் மகிமையை உணர முடியாது. வலப்புறத்து அடுக்கிலிருந்து இறங்கும் வெற்றட்டை துளைக்கும் நிலையத்தில் வந்து நிற்கும். சற்று முன் துளைத்து முடிந்த அட்டை வெளியே போய்விடாமல், இடப்புறத்தில் இருந்த படிக்கும் நிலையத்தில் நிற்கும். இரண்டும் ஒரே அச்சில் பூட்டியவை போல நெடுவரிசைக்கு நெடுவரிசை இணையாக நகரும். பத்தாவது வரிசையில் நான் துளைக்கப் போகும்போது, முந்திய அட்டையின் பத்தாவது வரிசை படிக்கும் ஊசிகளின் கீழ் இருக்கிறது. அந்தத் தருணத்தில் டூப் விசையை அழுத்தினால் அங்குள்ளது இங்கே வந்துவிடும். அழுத்தியபடியே இருந்தால் வரிசை வரிசையாக வந்துகொண்டே இருக்கும். புத்தகத்தில் மேல்வரியாக இருந்தது இப்போது பக்கத்தில் நிற்கும் அட்டையாகிவிட்டது. பழைய மேற்படிக் குறி விசை உருவத்தில் மீண்டும் பிறந்தது என்றாலும், ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. விசை விட்டுச் சென்றது வெறும் குறியையன்று, முழு விவரத்தையே. ஆகவே அட்டைகள் பிறகு எப்படிக் கலைந்தாலும் கவலையில்லை.

இதைவிடவும் நுட்பமானது இயந்திரத்தின் நடுவில் ஒரு சிறு கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னே சுழன்ற உருளை. அதன் மேல் ஓர் அட்டையைச் சுற்றி வைப்பார்கள். அந்த அட்டையிலும் துளைகள்தாம். ஆனால் அவை செய்தியல்ல, கட்டளை. ஒரு புலம் தொடங்கும் நெடுவரிசையில் 0 துளைக்கப்பட்டிருந்தால், அங்கே வந்தவுடன் இயந்திரம் ஒருவர் கையும் படாமல் முந்திய அட்டையிலிருந்து நகலெடுக்கத் தொடங்கும். 11 என்ற இடத்தில் துளை இருந்தால் அந்தப் புலத்தைத் தாண்டிப் போய்விடும். 12 என்ற துளை, புலம் எதுவரை நீள்கிறது என்று காட்டும். ஒன்றும் துளைக்காமல் விட்டிருந்தால் இயந்திரம் நின்று மனிதரின் விரலுக்காகக் காத்திருக்கும். எதை நகலெடுப்பது, எதை விடுவது, எதைக் கேட்பது என்ற தீர்மானம் முழுவதும் உள்ளங்கையளவு காகிதத்தில் எழுதப்பட்டுவிட்டது. இன்று இணையச் செயலியில் நகல் பொத்தானை எழுதும் நிரலாளர் புலங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு செய்கிற தீர்மானம் இதுவேதான். ஆனால் அன்று அந்த அட்டையை ஆயத்தம் செய்தவர் பெரும்பாலும் துளையிடும் அறையின் மேற்பார்வையாளரே. வருகிற காகிதங்களின் தன்மையைத் தினந்தோறும் கையாண்டு அறிந்தவர் அவர். இன்று அத்தீர்மானம், அந்தக் காகிதத்தை ஒருமுறையும் தொட்டிராதவர் கையில் இருக்கிறது. இந்த இடமாற்றத்தை நான் ஒரு நஷ்டமாகவே கருதுகிறேன்.

துளையிடும் அறைகளில் உழைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு கட்டின் முதல் அட்டையைத் துளைக்கும்போது தானாக நகலெடுக்கும் சொடுக்கியை அணைத்துவிட்டு, எல்லா விவரங்களையும் விரலாலேயே அடித்து, அதைக் கண்ணால் ஒரு முறை சரிபார்த்து, பிறகே சொடுக்கியைப் போடுவார்கள். அந்த ஓர் அட்டைக்குச் செலவான அரை நிமிஷக் கவனம் பின்வரும் நூற்றுக்கணக்கான அட்டைகளைக் காத்தது. அதில் சிறிது அசிரத்தை நேர்ந்தால் அந்தப் பிழை கட்டின் கடைசி வரைக்கும் இறங்கியது. இதற்கு மேலும் ஒரு காவல் இருந்தது. 056 என்ற சரிபார்ப்பு இயந்திரத்தில் இன்னொரு பெண்மணி அதே காகிதத்தைப் பார்த்து மறுபடியும் அடிப்பார். முன்னவர் துளைத்ததும் இவர் அடித்ததும் ஒத்தால் அட்டையின் வலது ஓரத்தில் ஒரு வெட்டு விழும்; மீண்டும் மீண்டும் அடித்தும் ஒத்துவராவிட்டால் பிழையுள்ள நெடுவரிசைக்கு நேர் மேலே விளிம்பில் வெட்டு விழும். ஒரே விவரத்தை இரண்டு மனிதர்கள் தனித்தனியே வாசித்தார்கள் என்பதற்கு அந்த வெட்டே அத்தாட்சி. வேகத்துக்காக நகலெடுத்தலை ஒரு கையில் வைத்துக்கொண்டு, நம்பிக்கைக்காக நகலெடுக்காமையை மறு கையில் வைத்துக்கொண்டிருந்த அந்த அறைகளின் ஒழுங்கை நினைக்கும்போது எனக்குப் பெருமதிப்பு உண்டாகிறது.

டூப் விசைக்கு வேறோர் உபயோகமும் இருந்தது. 80 நெடுவரிசைகளில் ஓரெழுத்து மாத்திரம் பிழையாகிவிட்ட அட்டையைப் படிக்கும் நிலையத்திலும் வெற்றட்டையைத் துளைக்கும் நிலையத்திலும் வைத்து, பிழையான இடம் வரை விசையை அழுத்தி, அந்த ஓரெழுத்தைச் சரியாக அடித்து, எஞ்சியதை மறுபடியும் விசையால் கடத்திவிடலாம். நடுவே ஓரெழுத்தைப் புதிதாக நுழைக்க வேண்டுமானால், படிக்கும் நிலையத்தில் உள்ள அட்டையை விரலால் பிடித்து நிறுத்திக்கொண்டு மற்றதை மட்டும் ஓர் இடம் முன்னேற விடுகிற சாமர்த்தியமும் புரோகிராம் எழுதியவர்களிடையே பரவியிருந்தது. நம் நாட்டிலும் இந்த அட்டைகளின் காலம் நீண்டது. ரயில்வேயின் மண்டலக் காரியாலயங்களில் 1960-களில் ஐ.பி.எம். 1401 கணிப்பொறிகள் துளையட்டைகளை உண்டு சம்பளக் கணக்கையும் சரக்குக் கணக்கையும் போட்டன. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-இல் ஐ.பி.எம். 370/155 நிறுவப்பட்ட பிறகு அங்கே பயின்ற மாணவர்கள் தங்கள் நிரல்களை அட்டைக் கட்டுகளாகவே சுமந்து சென்றார்கள். ஐ.பி.எம். கம்பெனி 1978-இல் இந்தியாவை விட்டு வெளியேறியபோதும் அட்டைகள் உடனே மறைந்துவிடவில்லை.

அட்டையிலிருந்து திரைக்கு வந்த மாற்றம் 1971-இல் ஐ.பி.எம். அறிவித்த 3270 வகை முனையங்களோடு நிலைபெற்றது. அவற்றில் பெரிதும் பரவிய திரையின் அகலம் 80 எழுத்து. அட்டையின் 80 நெடுவரிசைகளே கண்ணாடிக்குள் குடியேறின. மாற்றலாகாத புலம், மாற்றத்தக்க புலம் என்ற பிரிவோடு அச்சிட்ட படிவமே திரையில் தோன்றிற்று. குமாஸ்தா தன் பகுதியை நிரப்பி ஒரே விசையால் முழுப் படிவத்தையும் பெருங்கணிப்பொறிக்கு அனுப்பினார். இணையப் படிவத்தை அறிந்தவர்களுக்கு இந்த முறை முற்றிலும் பழக்கமானதாகத் தோன்றும். பலகையில் டூப் விசையும் தொடர்ந்து இருந்தது. ஆனால் அதன் வேலை அடியோடு மாறிவிட்டது. முனையத்தின் நினைவில் அப்போது திரையில் உள்ள படிவத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. முந்திய படிவம் கணிப்பொறிக்குப் போய்விட்டது. பக்கத்தில் நின்று படிக்கப்படுவதற்கு அட்டை இல்லை. ஆகவே விசையை அழுத்தினால் அப்புலத்தில் மேலே கோடிட்ட ஒரு நட்சத்திரக் குறி விழும்; சுட்டி அடுத்த புலத்துக்கு நகரும்; அவ்வளவே. அந்தக் குறியைக் கண்டு முந்திய விவரத்தை நிரப்புவது மறுமுனையில் உள்ள நிரலின் பொறுப்பு. அதை எழுதியவர் அவ்வாறு நிரப்பக் கற்பித்திருந்தால் நிரப்பும். இல்லையேல் குறி வெறும் குறியாகவே நிற்கும். நகலெடுப்பது இயந்திரத்தின் இயல்பாக இருந்த காலம் முடிந்து, யாரோ ஒருவர் முன்கூட்டி நினைத்து எழுதிவைக்க வேண்டிய காரியமாக மாறியது இங்கேதான்.

இதற்கு ஓராண்டு முன், 1970-இல், அதே கம்பெனியின் சான் ஹோஸே ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் ஒரு கட்டுரையை வெளியிட்டார். இன்றைய தரவுத்தளங்கள் யாவும் அதன் வழி வந்தவை என்றால் மிகையாகாது. கணிதத்தின் கணக் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்ட அவருடைய சித்தாந்தத்தில் இரண்டு விதிகள் நம் விஷயத்தைத் தொடுகின்றன. ஒரு பட்டியலில் வரிகளின் வரிசைமுறைக்கு எந்த அர்த்தமும் இல்லை. ஆகவே மேல்வரி என்று ஒன்று கிடையாது. முற்றிலும் ஒத்த இரண்டு வரிகளும் இருக்கலாகாது. ஒவ்வொன்றையும் தனித்து அடையாளம் காட்ட முதன்மைச் சாவி ஒன்று வேண்டும். மேற்படி என்ற பழைய பழக்கத்தின் இரண்டு கால்களும் இவ்விரண்டு விதிகளால் வாங்கப்பட்டன. ஒரு பதிவைப் போல இன்னொன்று வேண்டுமானால், அது ஒரு புலத்திலாவது வேறுபட்டே தீர வேண்டும். அந்தப் புலமே அதன் பிறப்புரிமை.

சித்தாந்தம் இப்படியிருக்க, குமாஸ்தாக்களின் தேவை மறையவில்லை. ஆரக்கிள் தரவுத்தளத்துக்குப் படிவம் அமைத்துத் தந்த ‘ஃபார்ம்ஸ்’ என்ற கருவி, ஒரு பதிவை முழுதும் நகலெடுக்க ஒரு விசையையும், ஒரு புலத்தை மாத்திரம் நகலெடுக்க இன்னொரு விசையையும் கொடுத்தது. திரையில் முன்வரியாகத் தோன்றும் பதிவிலிருந்து விவரங்கள் புதிய வரிக்கு வரும். அந்தப் புதிய வரி தரவுத்தளத்தில் ஏற்கெனவே உள்ளதாக இருத்தல் ஆகாது என்று நிபந்தனை உண்டு. வந்த பிறகும் அது திரையில் மாத்திரமே வாழும். ஒப்புக்கொண்டு சேமிக்கும்வரை தளத்தில் ஒன்றும் நிகழாது. முதன்மைச் சாவியை மாற்ற மறந்தால் சேமிக்கும் கட்டத்தில் தளம் மறுத்துவிடும். இந்த விசை தங்கள் படிவத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை நிரலாளர்கள் திருத்தி எழுதிக்கொள்ளவும், வேண்டாமென்றால் அதை ஊமையாக்கவும் வழியிருந்தது. மனிதரும் இயந்திரமும் பொறுப்பைப் பங்கிட்டுக்கொண்ட முறைகளில் இதை மிகவும் பண்பட்ட ஒன்றாக நான் மதிக்கிறேன்.

இணையம் வந்தபோது இந்தப் பண்பாட்டில் பெரும்பகுதியைப் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று. 1993 வாக்கில் மொசைக் உலாவியில் படிவங்கள் தோன்றின. 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 விதிகளில் அவை முறைப்படி இடம்பெற்றன. உலாவிக்கும் வழங்கிக்கும் இடையே நடக்கும் ஒவ்வொரு பரிமாற்றமும் முந்தியதை நினைவில் கொள்ளாத தனி நிகழ்ச்சி. முந்திய படிவத்தைப் போல என்று வழங்கியிடம் சொல்வதற்கு அங்கே வழியே இல்லை. விசித்திரம் என்னவென்றால், வேண்டிய நகல் கிடைக்காத அந்த உலகில் வேண்டாத நகல் தாராளமாக விளைந்தது. படிவத்தை அனுப்பிவிட்டுப் பதில் தாமதமாகிறதே என்று பொத்தானை இன்னொரு முறை அழுத்தியவருக்கும், வந்த பக்கத்தைப் புதுப்பித்தவருக்கும் ஒரே உத்தரவு இரண்டாகப் பதிந்தது. சாவியை வழங்கியே தானாகக் கொடுத்துவிடும் ஏற்பாட்டில், ஒத்த விவரங்கள் இரண்டு எண்களோடு வந்து நிற்கும்போது தளம் எதிர்ப்புத் தெரிவிக்கவும் காரணமில்லை. 1997-இல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிகளில் 303 என்ற பதில் எண் சேர்ந்தது. படிவத்தை ஏற்றுக்கொண்டு, விளைவைப் பார்க்க வேறொரு முகவரிக்குப் போகும்படி உலாவியை அனுப்புவது அதன் பயன். இப்படி அனுப்பிவிட்டால் பிறகு எத்தனை முறை புதுப்பித்தாலும் பார்ப்பதுதான் திரும்ப நடக்கும், பதிவது நடக்காது. இந்த முறையை 2004-இல் மைக்கேல் ஜூரவ்லெவ் விளக்கி எழுதிய பிறகு நிரலாளர்களிடையே அது பொது வழக்காயிற்று.

வேண்டிய நகலுக்கு வழி, இணையச் செயலிகளுக்கான சட்டகங்கள் எழுந்தபோது பிறந்தது. அமெரிக்காவில் கான்ஸஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரின் பத்திரிகைக் காரியாலயம் ஒன்றில் உருவாகி 2005-இல் பொதுவுக்கு வந்த ஜாங்கோ, தன் நிர்வாகத் திரையில் ‘புதியதாகச் சேமி’ என்ற பொத்தானைத் தந்தது. பழைய பதிவைத் திறந்து திருத்திய பின் அதை அழுத்தினால் பழையது மாறாமலிருக்கப் புதியது ஒன்று சேரும். 2004-இல் வந்த ரெயில்ஸ் சட்டகத்தில், பதிவு ஒன்றைப் புதிய பதிவாக நகலெடுக்கும் கட்டளைக்கு 2011 முதல் ‘டூப்’ என்றே பெயர். துளையட்டைப் பலகையில் இருந்த அதே பெயர்தான். ஆனால் இந்த டூப் எல்லாவற்றையும் கடத்துவதில்லை. பதிவின் அடையாள எண்ணை அது விட்டுவிடும். எப்போது உருவாயிற்று, எப்போது திருத்தப்பட்டது என்ற கால முத்திரைகளையும் விட்டுவிடும். உருளையில் சுற்றிய அட்டையில் துளைக்காமல் விட்ட இடங்கள் எவையோ, அவை சட்டகத்தின் உள்ளேயே பொறிக்கப்பட்டுவிட்டன. இதில் கவனம் பிசகியவர்கள் அடைந்த இன்னலும் உண்டு. படிவத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் புலத்தில் பழைய பதிவின் எண் அப்படியே பயணம் செய்யுமானால், புதிய பதிவு உண்டாவதற்குப் பதிலாகப் பழையதன் மேலேயே எழுதப்பட்டுவிடும். நகலெடுக்கப் போய் மூலத்தை இழப்பது அட்டைகளின் காலத்தில் நேர முடியாத விபரீதம்.

எண்ணையும் கால முத்திரையையும் சட்டகம் கவனித்துக்கொள்ளும். தொழிலை அறிந்தவரே கவனிக்க வேண்டியவை வேறு உண்டு. கொள்முதல் உத்தரவு என்பது ஒற்றை அட்டையன்று. அதன் கீழே சரக்கு வரிகள் இருக்கின்றன. பக்கத்தில் வியாபாரி இருக்கிறார். பின்னால் ரசீதுகள் தொங்குகின்றன. நகலில் சரக்கு வரிகள் தங்களுக்கென்று புதிதாகப் பிறக்க வேண்டும், இல்லாவிடில் புதிய உத்தரவில் அளவைத் திருத்தினால் பழைய உத்தரவின் அளவும் கூடவே மாறிப்போகும். வியாபாரி இரண்டாகப் பிறக்கலாகாது. இரண்டு உத்தரவுகளும் ஒரே வியாபாரியையே சுட்ட வேண்டும். ரசீதுகளோ அறவே வரலாகாது, கொடுக்காத பணத்துக்குக் கொடுத்ததாகச் சான்று ஏற்பட்டுவிடும். மேலதிகாரி அளித்த சம்மதம் பழைய உத்தரவுக்கு உரியது. அந்தச் சம்மதக் குறி நகலோடு வந்துவிட்டால், ஒருவரும் பார்வையிடாத உத்தரவு சம்மதம் பெற்றதாகக் கடைக்குப் போய்ச் சேரும். இவற்றைச் சட்டகத்தின் எந்தக் கட்டளையும் தானாக அறியாது. உத்தரவு எழுதும் குமாஸ்தாவிடம் போய் உட்கார்ந்து கேட்டால், பத்து நிமிஷத்தில் அவர் இவ்வளவையும் சொல்லிவிடுவார்.

நகல் பொத்தானை அழுத்தியவுடனே தளத்தில் புதிய பதிவைச் சேர்த்துவிடுகிற செயலிகளும் உண்டு. நிரப்பிய படிவத்தைத் திரையில் காட்டி, பயனர் பார்த்து ஒப்பும்வரை ஒன்றையும் பதியாமல் காத்திருக்கிற செயலிகளும் உண்டு. ஆரக்கிள் ஃபார்ம்ஸ் காட்டிச் சென்ற பின்னதையே நான் ஆதரிக்கிறேன். முதல் வகையில், அழுத்திவிட்டு வேறு வேலைக்கு எழுந்து போனவரால் அரைகுறை உத்தரவுகள் தளத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். இரண்டாவதிலும், தேதி, அளவு முதலிய மாறும் புலங்களில் பழைய மதிப்பையே காட்டினால், அவை நிரம்பியிருப்பதைக் கண்ட கண் அவற்றைத் தாண்டிப் போய்விடும். அவற்றை வெறுமையாக விட்டு, கட்டாயம் நிரப்ப வேண்டியவை என்று குறித்துவிட்டால், குமாஸ்தா ஒவ்வொன்றிலும் நின்றே கடப்பார். கூடவே, புதிய பதிவில் அது எந்தப் பதிவிலிருந்து நகலெடுக்கப்பட்டது என்ற மூல எண்ணுக்கும் ஒரு புலம் வைப்பது நல்ல வழக்கம். ஆறு மாதத்துக்குப் பிறகு ஓர் உத்தரவின் விலை தவறென்று தெரியவரும்போது, அது எங்கிருந்து வந்தது, அதிலிருந்து வேறு எத்தனை உத்தரவுகளுக்கு இறங்கியது என்பதை அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே தேடி எடுத்துத் திருத்திவிடலாம்.